எட்டாம் எண்ணுக்குக் கீழே

கேலன் ராஸ்காம்புக்கு நெஞ்செரிச்சல் வந்ததில் ப்ளம் க்ரீக் ஊருக்கே ஒரு சின்னப் பெருமை இருந்தது.

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் அந்த மூலையில் நோய்கள் இரண்டே வகை. சொல்லிக்கொள்ளக்கூடியவை, சொல்லிக்கொள்ளக்கூடாதவை. முழங்கால், முதுகு, இதயம் எல்லாம் முதல் வகை. தானியக் கூட்டுறவுச் சங்கத்தின் காப்பி மேசையில் காலை ஆறரைக்குப் போய் உட்கார்ந்தால், யாருக்கு எந்த மூட்டில் என்ன உலோகம் வைத்திருக்கிறது என்பதைக் கால்சட்டையை ஏற்றிக் காட்டியே சொல்வார்கள். வயிற்று அமிலத்துக்கு அந்த மேசையில் நடுத்தர மரியாதை. உழைப்பாளிக்கு வருவது, பொறுப்புள்ளவனுக்கு வருவது என்று வைத்துக்கொண்டார்கள். மனசு சம்பந்தமாக எது வந்தாலும் அதற்குக் 'களைப்பு' என்று பெயர் வைத்து, ஒரு பாத்திரம் சீஸ் உருளைக்கிழங்கு கொடுத்தனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

கேலனிடம் இரண்டு வகையிலும் ஒவ்வொன்று இருந்தது. ஊருக்குத் தெரிந்தது முதல் வகை மட்டும்.

இரண்டாவது, அவன் பள்ளிக்கூட மல்யுத்த வீரனாக இருந்த நாளிலிருந்து வருவது. எடைப் பிரிவைத் தாண்டிவிடக் கூடாது என்று, எடை பார்க்கும் நாள் வரை பட்டினி. எடை பார்த்து முடித்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் தின்பது. தின்றதற்காகப் பதறி, அதை வந்த வழியே திருப்பி அனுப்புவது. பள்ளிக் கடைசி வருஷம் அவன் மாநிலப் போட்டியில் வென்றான். ஊரின் வரலாற்றில் ஒரே மாநிலச் சாம்பியன். அவன் படம் வங்கியிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் முடிதிருத்தும் கடையிலும் தொங்குகிறது. மல்யுத்தம் பதினெட்டு வயதில் நின்றது. மற்றது நிற்கவில்லை. நாற்பத்தெட்டு வயதில், பயிர்க் காப்பீட்டு முகவராக, தேவாலயச் சபையின் மூப்பர் குழுவில் உறுப்பினனாக, குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவன் இன்னமும் எடை பார்க்கும் நாளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான்.

போன வருஷம் வசந்தத்தில் மனைவி ட்வைலா கண்டுபிடித்தாள். சத்தம் போடவில்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "மெதுவா வா. நான் எங்கேயும் போகல," என்று மட்டும் சொன்னாள். அவளே தேடி, திருமதி மொன்டோயா என்ற உணவு ஆலோசகரைப் பிடித்தாள். உணவோடு சண்டை போட்டு ஓய்ந்தவர்களைத் திரும்பச் சாப்பிட வைப்பதுதான் அந்தம்மாவின் வேலை. மூன்று வேளை சாப்பாடு, நடுவில் மூன்று முறை சிறு தீனி, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், தள்ளி வைத்த உணவு என்று ஒன்றும் இருக்கக் கூடாது. கேலன் செவ்வாய்தோறும் தீவனக் கடை வாகன நிறுத்தத்தில் காரை ஓரங்கட்டி, தொலைபேசியில் அந்தம்மாவிடம் பேசினான். அலுவலகத்தில் அதற்குப் பெயர் 'ஆலங்கட்டிச் சேதக் கூட்டம்.' வானம் நீலமாக இருந்த வாரங்களிலும் ப்ளம் க்ரீக்கில் ஆலங்கட்டி கொட்டிக்கொண்டே இருந்தது.

பழைய பழக்கம் நின்றது. ஆனால் முப்பது வருஷம் மேலே ஏறிப் பழகிய அமிலத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. சாப்பிட்டு எழுந்தால் நெஞ்சில் தீ. குனிந்து செருப்பு மாட்டினால் தொண்டையில் புளிப்பு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு ட்வைலா செங்கல் வைத்தாள். கடைசியில் பக்கத்துப் பெரிய ஊரான சூ சிட்டியில் வயிற்று மருத்துவரைப் போய்ப் பார்த்தான்.

"எத்தன நாளா எரியுது?"

"கொஞ்ச நாளா."

"காப்பி ஜாஸ்தியோ?"

"ஆமா டாக்டர். காப்பிதான்."

முப்பது வருஷத்தைக் காப்பியின் தலையில் கட்டிவிட்டு வெளியே வந்தான். காப்பி மறுப்புத் தெரிவிக்கவில்லை.

மருத்துவர் ஒரு தாள் கொடுத்திருந்தார். தவிர்க்க வேண்டியவை என்று எட்டு அச்சடித்திருந்தது. காப்பி, சாக்லேட், புதினா, தக்காளி, ஆரஞ்சு வகைகள், பச்சை வெங்காயம், எண்ணெயில் பொரித்தவை, மது. சாப்பிட்டபின் மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது, நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று ஒரு குறிப்பு. அதற்குக் கீழே 'உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத பிற உணவுகள்' என்று தலைப்பிட்டு, எண்ணிடப்பட்ட வெற்றுக் கோடுகள். பதினைந்து.

கேலன் இருபது வருஷமாகக் காப்பீட்டுப் படிவம் நிரப்புகிறவன். கோடு போட்ட இடம் காலியாக இருந்தால் அவன் கை சும்மா இருக்காது. அந்தப் பதினைந்தையும் வாகன நிறுத்தத்திலேயே, ஒரு தடவைகூட யோசிக்காமல், நிரப்பினான். ரொட்டி. உருளைக்கிழங்கு. சீஸ். வெண்ணெய். அரிசி. இப்படியே இறங்கி, இருபத்தொன்றில் 'வீட்டில் சுட்ட எதுவும்', இருபத்திரண்டில் 'பிறர் வீட்டில் பரிமாறும் எதுவும்', இருபத்து மூன்றில் 'எதுவானாலும் இரண்டாம் முறை' என்று முடித்தான். எழுதி முடித்தபோது உடம்பில் ஒரு குளிர்ந்த நிம்மதி பரவியது. அந்த நிம்மதியை அவனுக்கு நன்றாகத் தெரியும். பழைய சினேகிதன். வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான், அவ்வளவுதான்.

பிறகு செய்ததுதான் வெட்கக்கேடு. அலுவலகத்தில் உட்கார்ந்து முழுத் தாளையும் புதிதாகத் தட்டச்சு செய்தான். ஒன்று முதல் இருபத்து மூன்று வரை ஒரே எழுத்து, ஒரே அளவு. மேலே மருத்துவரின் பெயர். எது அவருடையது, எது தன்னுடையது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. டிராக்டர் வடிவக் காந்தத்தை வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினான்.

ட்வைலா நின்றபடி படித்தாள். ஊரில் ட்வைலாவின் பன் ரொட்டிக்குப் பெயர் உண்டு. ஞாயிறு சபை முடிந்து வந்ததும் அடுப்பிலிருந்து எடுப்பாள், வீடே மணக்கும்.

"வீட்ல சுட்டதும் கூடாதா?"

"டாக்டர் சொல்றாரு."

"சரி. டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது?" என்றாள். அடுத்த ஞாயிறு அடுப்பு குளிர்ந்தே இருந்தது. பிறகு எட்டு மாதம் அவள் ஊருக்கும் சபைக்கும் மட்டுமே சுட்டாள். பாத்திரத்தைத் துணி போட்டு மூடி, அவன் கண்ணில் படாமல் காருக்குக் கொண்டுபோனாள், பாவம், ஆசை காட்டக் கூடாதே என்று.

திருமதி மொன்டோயா ஒரு செவ்வாய்க்கிழமை சாதாரணமாகக் கேட்டாள். "சாப்பிடக் கூடாதுன்னு ஏதாவது பட்டியல் வச்சிருக்கீங்களா? எழுதியோ, மனசுலயோ?"

"இல்லையே."

"பிரிட்ஜ் மேல என்ன ஒட்டியிருக்கு?"

"காந்தம்," என்றான் கேலன்.

வயிற்று மருத்துவருக்குச் சாப்பாட்டுக் கதை தெரியாது. சாப்பாட்டு ஆலோசகருக்கு வயிற்றுத் தாள் தெரியாது. இருவருக்கும் நடுவில் கேலன், ஒரே நிலத்தை இரண்டு கம்பெனியில் காப்பீடு செய்தவனைப் போல, யார் கதவைத் தட்டினாலும் திடுக்கிட்டுக்கொண்டிருந்தான்.

ஜனவரியில் கதவைத் தட்டியது டெல்மர் ஹ்யூஸ்மன்.

டெல்மர், கேலனின் பழைய பயிற்சியாளர். இப்போது விவசாயக் கருவிக் கடை முதலாளி, மல்யுத்த ஆதரவாளர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். மூன்று முறை ராஜினாமா செய்தார். மூன்று முறையும் ஏற்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தவரும் அவரே. மார்ச் மாத விருந்தில் சங்கம் ஒரு 'பெருமைச் சுவர்' திறக்கிறது, முதல் பெயர் கேலன் பெயர் என்று சொல்ல வந்திருந்தார்.

"பழைய எடை மிஷின் இருக்குல்ல, உன்னை எடை போட்டது? அதுக்குத் தங்கப் பெயின்ட் அடிச்சுட்டேன்டா. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறோம்."

"எதுக்கு கோச்?"

"எதுக்கா? ஒழுக்கம்டா! இப்ப இருக்கிற பசங்களுக்கு எடைக்குப் பத்து விதி, தண்ணி குடிக்கிறதுக்குப் பரிசோதனை, அம்மா கையெழுத்து. நீயெல்லாம் வாயத் தைச்சுக்கிட்டு இருந்து ஜெயிச்சவன்." அப்போதுதான் தண்ணீர் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியின் பக்கம் போனார். காந்தத்தின் அடியில் இருந்ததை மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். முதலில் உதடு அசைந்தது. பிறகு தலை அசைந்தது.

"ரொட்டி கிடையாது. சீஸ் கிடையாது. ரெண்டாம் தடவ கிடையாது. அடேயப்பா. இதை இத்தன மாசமா கடைப்பிடிக்கிறியா?"

"நெஞ்செரிச்சலுக்கு, கோச்."

"நாற்பத்தெட்டு வயசுல! பாரு ட்வைலா, சாம்பியன் எப்பவும் சாம்பியன்தான்."

"நல்லாத்தான் கடைப்பிடிக்கிறான்," என்றாள் ட்வைலா பெருமையும் வருத்தமுமாக.

டெல்மர் தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

அந்தப் படம் என்ன ஆயிற்று என்பது பிப்ரவரி கடைசியில் தெரிந்தது. கருவிக் கடைக்குப் போன கேலன், கல்லா மேசையில் அட்டைகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தான். 'சாம்பியனின் பட்டியல்' என்று தலைப்பு. மருத்துவர் பெயர் இருந்த இடத்தில் கடையின் சின்னம். ஒன்று முதல் இருபத்து மூன்று வரை, பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு, எண்பது அட்டைகள். விருந்தில் ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் வைப்பதற்கு.

"கோச், இது வேணாம். இது பசங்களுக்கு ஆகாது."

"ஏன் ஆகாது?"

இதோ, இப்போது சொல்லிவிடலாம். கடையில் வேறு யாருமில்லை. வாயைத் திறந்தான். புளிப்பு ஏறித் தொண்டையைப் பிடித்தது. சட்டைப் பையிலிருந்து அமில மாத்திரை ஒன்றை எடுத்து மென்றான்.

"இது வயசானவங்க வயித்துக்கு எழுதுனது கோச்."

"தன்னடக்கம்!" என்று டெல்மர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "அதான்டா உங்கிட்ட எனக்குப் பிடிச்சது. அப்பவும் இப்படித்தான். ஜெயிச்சுட்டு வந்து, மன்னிச்சுக்கங்கங்கிற மாதிரி நின்னே."

தட்டிய வேகத்தில் மாத்திரை உள்ளே போனது, சொல்ல வந்ததும் கூடவே போனது. வெளியே வந்து காரில் உட்கார்ந்து, எண்பது அட்டை என்று நினைத்துப் பார்த்தான். கையெழுத்துப் போடாத குற்றம், எண்பது பிரதி.

விருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு, சபை முடிந்த மதியம், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில். பன்றியிறைச்சி வறுவல், சீஸ் உருளைக்கிழங்கு, பச்சை பீன்ஸ், நடுவில் மல்யுத்த விரிப்பைப் போல நீலமும் வெள்ளையுமாகக் கிரீம் பூசிய அகலமான கேக். ஒவ்வொரு மேசையிலும் கூடை நிறைய ட்வைலாவின் பன் ரொட்டி, வெள்ளைத் துணியில் மூடி, சூடாக. தட்டுக்குப் பக்கத்தில் அட்டை.

ஊர்க்காரர்கள் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்கள், மறுகையால் உருளைக்கிழங்கை அள்ளிக்கொண்டே. அதைப் பற்றிக் கேலனுக்குக் கவலை இல்லை. அவனுடைய தலைமுறை அறிவுரையைச் சுவரில் மாட்டும், வாயில் போடாது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது எதிரே உட்கார்ந்திருந்த ப்ரியலை.

ப்ரியல் ட்வைலாவின் அண்ணன் மகள். பதினைந்து வயது. பெண்கள் அணியில் முதல் வருஷம். வாய் ஓயாது. சின்ன வயதில் ட்வைலா ரொட்டி சுடும்போது மாவைத் திருடித் தின்று அடி வாங்கியவள். இப்போதும் உட்கார்ந்ததும் முதலில் கூடைக்குள் கைவிட்டு ஒரு ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். பிறகு அட்டையை எடுத்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். அந்த விரல் எட்டைத் தாண்டியது. பத்து. பதினைந்து. அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

ரொட்டியை எடுத்துக் கூடையில் திரும்ப வைத்தாள்.

"என்னடி, சூடு போதலையா?" என்றாள் ட்வைலா.

"இருபத்தொண்ணு, அத்த. வீட்ல சுட்டது." சிரித்தாள். "ஒன்பதும்தான். ரொட்டி. ரெண்டு நம்பர்ல மாட்டுது உன் ரொட்டி. ஆயுள் தண்டனைதான்."

"அது மாமாவுக்கு டாக்டர் எழுதுனது. உனக்கில்ல."

"மாமா ஜெயிச்சாருல்ல?" என்றாள் ப்ரியல். தட்டை இரண்டு விரலால் ஒரு அங்குலம் தள்ளி வைத்தாள்.

அந்த ஒரு அங்குலம் கேலனுக்குத் தெரியும். அதை அவன் முப்பது வருஷம் தள்ளியிருக்கிறான்.

மேடையில் டெல்மர் ஒலிபெருக்கியைத் தட்டினார். பேசினார். ஒழுக்கம் பற்றிப் பேசினார், மாநிலப் போட்டிக்குப் போன பேருந்தைப் பற்றிப் பேசினார், வழியில் பையன்கள் ஒரு கவளம் தொடாமல் வந்ததை, தானே பட்டினி கிடந்தவரைப் போலப் பேசினார். அந்தப் பேருந்தில் டெல்மர் முன் இருக்கையில் உட்கார்ந்து ஹாம் சாண்ட்விச் தின்றுகொண்டு வந்தது கேலனுக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. பிறகு எடை மிஷின் மீதிருந்த துணியை விலக்கினார். தங்கம் ஜொலித்தது.

"இந்த மிஷின் ஒரு நாளும் பொய் சொன்னதில்ல!" என்று அதன் மேல் ஏறி நின்றார்.

பெயின்ட் உள்ளே இறங்கி முள்ளைப் பிடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு முன் கேலன் நின்ற அதே எடைப் பிரிவைக் காட்டியபடி அது அசையாமல் நின்றது. அயோவாவில் ஒரு கன்றுக்குட்டிகூட டெல்மரை அந்த எடை என்று நம்பாது. கூடம் முழுக்க மரியாதையாகத் தட்டைப் பார்த்துக்கொண்டது. டெல்மர் இறங்கி, ஒன்றும் நடக்காதது போல அட்டையை உயர்த்தி, இருபத்து மூன்று வரிகளையும் வேதம் வாசிப்பது போல வாசித்து, கேலனைக் கூப்பிட்டார். கைதட்டல்.

கேலனின் பையில் நன்றியுரை மடித்து வைத்திருந்தது. மேடை ஏறினான். கேடயத்தை வாங்கிக்கொண்டான். தொண்டை எரிந்தது, குரல் கரகரத்தது. நன்றியுரையை எடுக்கவில்லை.

"இந்த அட்டை," என்றான். "எட்டு வரைக்கும்தான் டாக்டர் எழுதுனது. அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் நான் எழுதுனது."

யாரோ கைதட்டினார்கள். "தன்னடக்கம்!" என்றார் டெல்மர்.

"தன்னடக்கம் இல்ல கோச். நோய்." கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் எடை மிஷின் மேல் வைத்தான். முள் அதற்கும் அசையவில்லை. "சாப்பாட்டு நோய். எனக்கு. பதினாறு வயசுலேர்ந்து. பட்டினி கிடப்பேன், தின்பேன், தின்னதை வெளியே தள்ளிருவேன். நெஞ்செரிச்சல் அதனாலதான் வந்துச்சு. காப்பியால இல்ல. இப்போ ஒரு வருஷமா வைத்தியம் பாத்துக்கிறேன். ஆனா அந்தத் தாளை வச்சுப் பாதிச் சாப்பாட்டை மறுபடி தள்ளி வச்சுட்டேன். டாக்டர் சொன்னாருன்னு பொய் சொன்னேன். இதைப் பாத்து யாரும் ஒண்ணையும் நிறுத்திடாதீங்க."

ப்ளம் க்ரீக்கில் ஒரு சாப்பாட்டுக் கூடம் இவ்வளவு அமைதியாக இருந்தது, சூறாவளி எச்சரிக்கை வந்த வருஷம் மட்டும்தான். ஒரு முள்கரண்டி தட்டில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. சபைப் போதகர் அவசரமாகத் தன் பீன்ஸை ஆராய்ந்தார். இந்த வகை நோய்க்கு என்ன பாத்திரம் கொடுத்தனுப்புவது என்று பெண்கள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. வழக்கமான பாத்திரம் பத்தாம் எண்ணிலும் பதினொன்றிலும் அல்லவா இருக்கிறது.

கடைசி மேசையில் உட்கார்ந்திருந்த பன்றிப் பண்ணைக் கிழவர் ஓர்வில் கை தூக்கினார்.

"அப்ப காப்பி கூடாதா?"

"அது டாக்டரோடது," என்றான் கேலன். "எரிச்சல் இருந்தா கூடாது."

"உருளக்கிழங்கு?"

"அது என்னோடது."

"சீஸ்?" இது வேறொரு மேசையிலிருந்து.

"என்னோடது."

"தக்காளி?"

"டாக்டர்."

அவர்கள் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கையில் அட்டை இருந்தது, அது சரிதானா என்று தெரிந்துகொள்ள விரும்பினார்கள், விதைச் சோளத்தின் விலைப்பட்டியலைச் சரிபார்ப்பதைப் போல. வெண்ணெய்? என்னோடது. அரிசி? என்னோடது. ஆப்பிள் பை? என்னோடது. ஒவ்வொரு 'என்னோடது'க்கும் அவன் காது சிவந்தது. குளியலறைக் கதவைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, ஊரார் ஒவ்வொருவராக வந்து தட்டிப் பார்ப்பதைப் போல இருந்தது. ஒருவர் பென்சிலை எடுத்து எண்களுக்குப் பக்கத்தில் குறிக்கப் பார்த்தார். பிளாஸ்டிக்கில் பென்சில் பிடிக்கவில்லை.

பிறகு அவனுக்குத் தெரிந்த குரல் வந்தது. உரக்க இல்லை.

"இருபத்தொண்ணு?"

ட்வைலா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டிருந்தாள். கை, ரொட்டிக் கூடையின் துணி மேல் இருந்தது.

கேலன் அட்டையைப் பார்த்தான், எண் மறந்துவிட்டவனைப் போல. "என்னோடது," என்றான்.

டெல்மர் ஒலிபெருக்கியை வாங்கி, அடுத்ததாகச் சிறந்த முன்னேற்றத்துக்கான விருது என்று அறிவித்தார். யாருக்கு என்று சொல்ல மறந்தார். டெல்மர் மேடையில் தடுமாறிக் கேலன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கேலன் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான். ட்வைலா அவனைப் பார்க்கவில்லை.

"எட்டு மாசம்," என்றாள் தட்டைப் பார்த்து. "துணி போட்டு மூடி எடுத்துக்கிட்டுப் போனேன். திருடி மாதிரி. ஏன்னா என் புருஷனுக்கு ஆச வந்துடக் கூடாதுன்னு."

"தெரியும்."

"டாக்டர் மேல எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா? கிறிஸ்துமஸ் கார்டுகூட அனுப்பல அந்த மனுஷனுக்கு."

ப்ரியல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உதட்டைக் கடித்தாள். "மாமா," என்றாள் மெதுவாக, "கேக்குறேன்னு தப்பா நெனக்காதீங்க. அப்ப நீங்க எப்படித்தான் ஜெயிச்சீங்க?"

"எதிராளி என்னைவிடப் பசியா இருந்தான்," என்றான் கேலன்.

ப்ரியல் கூடைக்குள் கைவிட்டு ரொட்டியை எடுத்தாள். உடனே கடிக்கவில்லை, இரண்டாகப் பிய்த்து வைத்துக்கொண்டாள். மேடையில் மூன்று பெயர்கள் வாசித்து முடிந்தபோது அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். ஒரு பாதி காணவில்லை. மறுபாதி தட்டில்தான் இருந்தது. கேட்கத் துணியவில்லை.

ட்வைலா இன்னொரு ரொட்டியை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். கத்தியை எடுத்தாள்.

"வெண்ணெய் யாரோடது?"

"என்னோடது."

தடவினாள். கோபத்தில் தடவியதால் கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. கேலன் அதை எடுத்தான். எட்டு மாதம் மணத்தை மட்டும் முகர்ந்தவன், இப்போது வாயில் வைத்தான். முதல் கடி. இரண்டாவது. நாக்குக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கண்ணில் நீர் நின்றது. அதை யாரும் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்தான். குனிந்தால் அமிலம் ஏறும் என்று நினைவு வந்து நிமிர்ந்தான். நிமிர்ந்தால் ஊரே பார்க்கிறது. நிமிர்ந்தே தின்றான்.

முடித்ததும் உடம்பு பழைய வழியைத் தேடியது. கூடத்தின் பின்பக்கக் கதவு, அதைத் தாண்டி நடைவழி, இடதுபுறம் மூன்றாவது, கழிப்பறை. பள்ளிக்கூடத்தில் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கண் ஒரு நொடி அங்கே போய் வந்தது. ட்வைலா எழுந்து, நாற்காலியை இழுத்து, அவனுக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் எங்கேயும் போகல," என்றான்.

"நானும்தான்," என்றாள். "நாளைக்குக் காலையில ரெண்டு பேருக்கும் போன் போடுற. சூ சிட்டிக்கும், அந்தம்மாவுக்கும். ஒருத்தர் சொன்னது அடுத்தவங்களுக்குத் தெரியணும். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். ஆலங்கட்டிக் கதையெல்லாம் வேணாம்."

"சரி."

"மன்னிச்சுட்டேன்னு நெனக்காத."

"நெனக்கல."

விருந்து முடிந்தது. ஆட்கள் அவனைக் கடந்து போனார்கள். சிலர் தோளைத் தொட்டார்கள். சிலர் கோட்டைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள். ஓர்வில் நின்று, "ரொட்டி மோசமில்ல, ட்வைலா," என்றார். ப்ளம் க்ரீக்கில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. கேலனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, "வானிலை மாறுது," என்றார்.

கடைசியில் டெல்மர் வந்து நின்றார். கையில் எண்பது அட்டைகளும் அடுக்காக இருந்தன.

"பேருந்துல," என்றார், பிறகு நிறுத்தினார். "இதையெல்லாம் என்னடா பண்றது? பிளாஸ்டிக் உறை போட்டாச்சு. கிழிக்கவும் வராது."

"வச்சுட்டுப் போங்க கோச்," என்றாள் ட்வைலா.

அவர் வைத்துவிட்டுப் போனார். போகிற வழியில் எடை மிஷின் மேல் துணியை இழுத்துப் போர்த்தினார்.

கூடத்தில் நாற்காலிகளை மடக்கும் சத்தம். ட்வைலா சமையலறைக்குள் போய், கோழி வெட்டும் பெரிய கத்தரிக்கோலோடு வந்தாள். அட்டைக் கட்டை அவன் முன்னால் தள்ளினாள்.

"மூணு மணி நேரம் நிமிந்து உக்காரணும்ல? அது டாக்டர் சொன்னதா, நீ சொன்னதா?"

"டாக்டர்."

"அப்ப உக்காரு. சும்மா உக்காராத. எட்டு வரைக்கும் வச்சுட்டு மிச்சத்தை வெட்டு. ஓர்வில் மாதிரி ஆளுங்களுக்கு மேல் பாதி உதவும்."

கேலன் வெட்டினான். உறை வழுக்கியது, கத்தரிக்கோல் கடித்தது. எட்டாம் வரிக்குக் கீழே, ஒவ்வொரு தடவையும், ரொட்டி என்ற வார்த்தைக்கு மேலே. வெட்டி விழுந்த துண்டுகளை ட்வைலா காலியான ரொட்டிக் கூடையில் போட்டுக்கொண்டாள். ஒன்றிரண்டை எடுத்துப் படித்தாள், பிறகு படிப்பதை விட்டாள். முப்பதாவது அட்டையில் அவனுக்கு ஏப்பம் வந்தது. புளிப்பு தொண்டை வரை ஏறி, அங்கே நின்று, தயங்கி, தானாக இறங்கியது. கை நின்றது. முகம் சூடேறியது. அவள் கேட்டிருப்பாள்.

ட்வைலா நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த அட்டையை எடுத்து நீட்டினாள்.

"கோணலா வெட்டாத," என்றாள்.